வேலையை விடும் முன் பத்துப் பூனைகளைப் பற்றி எழுதுங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 34. பி.காம். படித்தவர். ஒரு கிரானைட் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். சம்பளம் 22,000 ரூபாய். கணவர் லாரி ஓட்டுகிறார், ஒரு மகள் பள்ளியில் படிக்கிறாள். பாட்டியின் மாந்தோப்பு வீட்டில் பூனைகளோடு வளர்ந்தவர். இப்போது வீட்டில் ஆறு பூனைகள். அவற்றில் மூன்று, யாரோ பையில் கட்டிச் சாலையோரம் விட்டுப் போனவை. தெருவில் எந்த வீட்டுப் பூனை சாப்பிட மறுத்தாலும், கடித்தாலும் இவரைத்தான் அழைக்கிறார்கள். காய்ச்சல், பேதி என்றால் சின்னச் சின்ன மருந்தும் சொல்கிறாராம். ‘பூனை நடத்தை ஆலோசகர்’ என்று ஒரு தொழில் இருப்பதை அண்மையில்தான் அறிந்திருக்கிறார். ஆறு வாரத்தில் சான்றிதழ் தருவதாகச் சொல்லும் வெளிநாட்டு இணையவழிப் படிப்பு ஒன்றுக்கு 80,000 ரூபாய் கட்டலாமா, வரும் ஜூன் மாதத்தில் வேலையை விட்டுவிடலாமா, கால்நடை மருத்துவம் படிக்காமல் இந்தத் தொழில் செய்வது சட்டப்படி சரியா என்று கேட்கிறார். இரண்டாவது குழந்தைக்குத் திட்டமிடும் நேரத்தில் பூனை கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்கிறார் என்ற வருத்தமும் கடிதத்தில் இருக்கிறது.

கூடவே ஒரு நிகழ்ச்சியையும் எழுதியிருக்கிறார். ஓசூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் சித்தி மகள் வீட்டில் இரண்டு வயதுப் பெர்சியன் ஆண் பூனை. கருத்தடை செய்யவில்லை. வீட்டில் குழந்தை பிறந்ததிலிருந்து அது மெத்தையிலும் குழந்தையின் துணி மேலும் சிறுநீர் கழிக்கிறது. “இது பொறாமை. பழிவாங்குகிறது. ஒரு வாரம் பால்கனியில் கட்டிப்போடுங்கள்” என்று இவர் சொல்லியிருக்கிறார். இப்போது அந்தப் பூனை அடிக்கடி தன் கழிப்பிடமான மணல் தட்டில் போய் உட்கார்ந்து கத்துகிறதாம். அடுத்து என்ன சொல்வது என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகள் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு முதலில் ஓசூருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, சிறுநீர் சொட்டாக வருகிறது அல்லது வரவே இல்லை என்றால் அது மருத்துவ அவசரம். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. படிகத் துகளும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் சிறுநீரகங்கள் பாதிக்கப்படும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். ஓரிரண்டு நாளில் இதயமே நின்றுவிடக்கூடும். இன்றே மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

அடைப்பு இல்லை என்று தெரிந்தால் நிம்மதி. அப்போதும் பரிசோதனை தேவை. பூனைகளுக்குக் கிருமித் தொற்று எதுவும் இல்லாமலே சிறுநீர்ப்பை அழற்சி வருவது உண்டு. வீட்டில் ஏற்படும் மாற்றங்களும் அச்சமும் அதைத் தூண்டுகின்றன. வலியோடு சிறுநீர் கழித்த இடத்தைப் பூனை வெறுக்கிறது, மெத்தென்ற வேறோர் இடத்தைத் தேடுகிறது. மெத்தையும் குழந்தைத் துணியும் அதற்கு அப்படிக் கிடைத்த இடங்களாக இருக்கலாம்.

பழிவாங்க வேண்டுமென்றால், தான் இன்று செய்யும் காரியம் நாளை உங்களை வருத்தும் என்று பூனை கணக்குப் போட வேண்டும். பூனை அப்படித் திட்டமிடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் ‘பழிவாங்குகிறது’ என்று நாம் முடிவு கட்டிவிட்டால் அடுத்து மனத்தில் வருவது தண்டனைதான். பால்கனியில் கட்டிப்போடப்பட்ட பூனையின் அச்சம் இன்னும் கூடும். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். ஆனால் இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் நீங்கள் முதலில் கைவிட வேண்டிய பழக்கம், பூனையின் செயலுக்கு மனித நோக்கம் கற்பிப்பது.

மருத்துவம் முடிந்த பிறகு நடத்தையைப் பார்க்கலாம். பூனை நின்றபடி வாலைத் தூக்கி நடுங்க வைத்துச் சுவரிலோ திரைச்சீலையிலோ பீய்ச்சுகிறதா, இல்லை குந்தி உட்கார்ந்து தரைமட்டத்தில் கழிக்கிறதா? முதலாவது எல்லையை அடையாளமிடுவது. கருத்தடை செய்தால் பத்தில் ஒன்பது ஆண் பூனைகளில் அது குறைகிறது அல்லது நின்றுவிடுகிறது. இரண்டாவது, கழிப்பிடம் பிடிக்காததால் அல்லது உடல் நலமில்லாததால் வருவது. மணல் தட்டு எங்கே இருக்கிறது? சலவை இயந்திரத்தின் பக்கத்திலா? குழந்தையின் தொட்டிலுக்காக இடம் மாற்றப்பட்டதா? வாசனை மணலா? தட்டு பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கிறதா? எத்தனை பூனைகளோ அதைவிட ஒன்று கூடுதலாகத் தட்டுகள் வைப்பது நல்லது. ஒரே பூனை இருந்தாலும் இரண்டு தட்டு.

சித்தி மகள் மெத்தையையும் தரையையும் எதைக் கொண்டு கழுவுகிறார் என்றும் கேளுங்கள். ஃபினாயில் என்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வகை வேதிப்பொருளைப் பூனையின் கல்லீரலால் எளிதில் முறிக்க முடியாது. காலில் ஒட்டியதை அது நக்கும்போது நஞ்சாகிறது. சிறுநீர்க் கறைக்கென்றே விற்கும் என்சைம் திரவம் நல்லது.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

நடத்தை ஆலோசகர் தொழிலுக்கென்று நம் நாட்டில் தனி உரிமமோ அரசுப் பதிவோ கிடையாது. ஆகவே பட்டம் இல்லாமல் நீங்கள் ஆலோசனை சொல்வதைச் சட்டம் தடுக்கவில்லை. தட்டை எங்கே வைப்பது, இரண்டு பூனைகளை எப்படி அறிமுகம் செய்வது, கூண்டுக்குப் பழக்குவது எப்படி, கடிக்கும் குட்டியோடு எப்படி விளையாடுவது, இவை எல்லாம் உங்கள் எல்லைக்குள் வருபவை.

மருந்து வராது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் தவிர வேறு யாரும் கால்நடை மருத்துவம் செய்யக் கூடாது என்கிறது. நோய் இன்னது என்று சொல்வது, மருந்து எழுதுவது, ஊசி போடுவது எதையும் நீங்கள் செய்யக் கூடாது. அச்சத்துக்கும் ஆக்ரோஷத்துக்கும் தரப்படும் மனநல மருந்துகளும் இதில் அடங்கும். “காய்ச்சலுக்குச் சின்ன மருந்து சொல்வேன்” என்ற உங்கள் வரியைப் படித்தபோது எனக்குப் பகீரென்றது. மனிதர்கள் சாப்பிடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கான உண்ணி மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரினும் அப்படித்தான். நீங்கள் எந்த மருந்தைச் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

பெயருக்கு முன்னால் டாக்டர், சிகிச்சை நிபுணர் என்ற சொற்கள் வேண்டாம். கட்டணம் வாங்கிச் செய்யும் சேவை என்பதால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். “பத்து நாளில் சரியாகிவிடும்” என்று யாருக்கும் உறுதி கொடுக்காதீர்கள். முதல் சந்திப்புக்கு முன் பூனையை மருத்துவர் பார்த்திருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நிபந்தனை பூனையைக் காப்பாற்றும், உங்களையும் காப்பாற்றும்.

ஆறு வாரச் சான்றிதழ்

கால்நடை மருத்துவம் படிக்கலாமா என்று ஓரிடத்தில் தயக்கத்தோடு கேட்டிருக்கிறீர்கள். பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காத உங்களுக்கு அந்த வழி இல்லை. அது ஐந்தரை ஆண்டுப் படிப்பும்கூட. அதற்காக வருந்த வேண்டியதில்லை. நடத்தை ஆலோசகர்களில் பலர் மருத்துவர்கள் அல்லர்.

80,000 ரூபாய்ப் படிப்பைப் பற்றி என் கருத்தை நேராகச் சொல்கிறேன்: இப்போது கட்டாதீர்கள். இணையவழிப் படிப்புகளில் நல்லவை இருக்கின்றன. ஆனால் சான்றிதழ் என்ற சொல்லை எந்த நிறுவனமும் அச்சடித்துத் தரலாம். வகுப்பை முடித்ததற்குக் கிடைக்கும் தாள் வேறு, நீங்கள் செய்த வேலையை மூத்தவர்கள் படித்துப் பார்த்துத் தரும் அங்கீகாரம் வேறு. இரண்டாவது வகைக்கு உதாரணம், அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச விலங்கு நடத்தை ஆலோசகர்கள் சங்கம். ஆங்கில முதலெழுத்துகளில் ஐ.ஏ.ஏ.பி.சி. என்பார்கள். அதில் பூனைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. அங்கே சேர விரும்புபவர்கள் கையாண்ட நேர்வுகளை விரிவாக எழுதிக் காட்ட வேண்டும், நூற்றுக்கணக்கான மணி நேர அனுபவம் காட்ட வேண்டும். ஆறு வாரத்தில் முடிகிற காரியம் அன்று.

அதனால்தான் முதலில் ஒரு தடித்த நோட்டு வாங்கச் சொல்கிறேன். கணக்கு எழுதுபவரான நீங்கள் வரவையும் செலவையும் கலக்காமல் தனித்தனிப் பத்தியில் எழுதுவது போல, பார்த்ததை ஒரு பக்கமும் நினைத்ததை எதிர்ப்பக்கமும் எழுதுங்கள். ‘காது பின்னால் மடிந்தது, வால் நுனி துடித்தது, கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்தது’ என்பது பார்த்தது. ‘கோபம்’ என்பது நினைத்தது. உங்கள் வீட்டு ஆறு பூனைகளில் தொடங்கி, அக்கம்பக்கத்து வீடுகளைச் சேர்த்துப் பத்துப் பூனைகளைப் பற்றி இப்படி எழுதிப் பாருங்கள். உங்களிடம் இருக்கும் கண் எவ்வளவு கூர்மையானது என்று உங்களுக்கே தெரியவரும்.

இதற்கு உதவும் ஆய்வுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2019இல் கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தினர் பூனையின் முகத்தைப் பார்த்து வலியை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். காது, கண், மூக்கு வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசை, தலை நிற்கும் நிலை என்று ஐந்து இடங்களைப் பார்த்து மதிப்பெண் தரும் எளிய முறை. 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர், நாம் கண்களைச் சுருக்கி மெதுவாக இமைத்தால் பூனையும் அப்படியே பதில் தருகிறது, அறிமுகமில்லாத மனிதராக இருந்தாலும் நெருங்கி வருகிறது என்று காட்டினார்கள். பாட்டி வீட்டுத் தோப்பில் நீங்கள் தெரியாமலே இதைச் செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இப்போது தெரிந்து செய்யுங்கள்.

குட்டிகள் மனிதரோடு பழகும் பருவம் இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை என்பதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்தக் காலத்தில் மனிதக் கையே படாத குட்டி, பின்னால் எவ்வளவு அன்பு காட்டினாலும் மடியில் வந்து உட்காராமல் போகலாம். பையில் கட்டி விடப்பட்ட மூன்றில் ஒன்று இன்னும் உங்களை நெருங்கவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் உங்கள் அன்பின் குறை அல்ல.

பூனையைவிட வீட்டைப் படிக்க வேண்டும்

உங்கள் கடிதம் முழுவதும் பூனைகள் நிறைந்திருக்கின்றன. அவற்றை வளர்க்கும் மனிதர்கள் இரண்டொரு வரியில் வந்து போகிறார்கள். என் பெரிய கவலை இதுதான். இந்தத் தொழிலில் உங்களைக் கூப்பிடுபவர் மனிதர், காசு கொடுப்பவர் மனிதர், நீங்கள் சொன்னதைச் செய்யவோ செய்யாமல் விடவோ போகிறவரும் மனிதர். பூனையோடு நீங்கள் இருக்கப் போவது ஒரு மணி நேரம். மீதி நேரம் முழுவதும் அது அவர்களோடுதான் இருக்கும்.

பூனைகளை உயிராக நேசிப்பவர்களுக்கு இந்த இடம் கடினமானது. மூன்று மாதமாக மெத்தையைத் துவைத்துத் துவைத்துச் சோர்ந்துபோன ஒரு பெண், “இதை எங்கேயாவது விட்டுவிட்டு வரட்டுமா” என்று கேட்பார். உங்களுக்கு ஆத்திரம் வரும். அங்கே நீங்கள் கடிந்துகொண்டால் கதவு மூடிவிடும், பூனை தெருவுக்குப் போகும். அவருடைய சோர்வை முதலில் கேட்க வேண்டும். எப்போது தொடங்கியது, அதற்கு முந்தைய வாரம் வீட்டில் என்ன மாறியது, யார் சோறு போடுகிறார், யார் அதட்டுகிறார், இரவில் பூனை எங்கே படுக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். வீட்டின் படத்தை ஒரு தாளில் வரைந்து, சோறு, தண்ணீர், மணல் தட்டு, ஜன்னல், கதவு எல்லாம் எங்கே என்று குறித்துக்கொள்ள வேண்டும். பாதிப் பிரச்சினைக்கு விடை அந்தத் தாளிலேயே தெரியும்.

நம் பக்கத்து வீடுகளுக்கென்று சில விஷயங்கள் உண்டு. பழைய வீடுகளில் பரண் இருந்தது. பூனை ஏறிப் படுத்து, யாரும் தொடாமல் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கும். ஓசூர் அடுக்குமாடி வீட்டில் அது இல்லை. ஒளிந்துகொள்ள உயரமான இடம் கிடைக்காத பூனை, அழைப்பு மணி அடித்தாலே கடிக்கிற பூனையாகிவிடுகிறது. அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்து ஒரு துணி விரித்துக் கொடுப்பதற்குச் செலவே இல்லை. இன்னொன்று, சைவ வீடுகளில் தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்ப்பது. பூனை இறைச்சி உண்டே வாழப் பிறந்த உயிர். டாரின் என்ற சத்து போதிய அளவு கிடைக்காவிட்டால் கண்பார்வையும் இதயமும் கெடும். அந்த வீட்டாரின் மனம் நோகாமல், டாரின் சேர்த்துத் தயாரித்த பூனை உணவு கடையில் கிடைக்கிறது என்று சொல்லித்தரத் தெரிந்திருக்க வேண்டும்.

பணம், வேலை, ஊசி

ஜூன் மாதம் வேலையை விட வேண்டாம். கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் பூனை என்றால் இன்னும் எலி பிடிக்க வந்த உயிர்தான். அதன் நடத்தைக்குக் கட்டணம் கொடுப்பவர்கள் மிகக் குறைவு. உங்களுக்கு வரக்கூடிய வாடிக்கையாளர்கள் ஓசூரிலும் பெங்களூரிலும் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். நல்ல செய்தி, இந்த வேலையில் பெரும்பகுதியைக் காணொளி அழைப்பிலேயே செய்யலாம். அந்நியர் வந்தால் ஒளிந்துகொள்ளும் பூனை, காணொளியில் தன் இயல்பில் இருக்கும். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தொடங்குங்கள். அருகிலுள்ள ஒரு கால்நடை மருத்துவரிடம் போய் உங்கள் நோட்டைக் காட்டி, விடுமுறை நாளில் அவர் மருத்துவமனையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். உங்களுக்கு முதல் வாடிக்கையாளர்களை அனுப்பப் போவது விளம்பரம் அன்று, அவர்தான்.

ஓராண்டு கழித்து, மாதந்தோறும் வருகிற கட்டணமும் குறைந்தது ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான சேமிப்பும் கையில் இருந்தால் வேலையைப் பற்றிக் கணவரோடு உட்கார்ந்து பேசலாம். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை இணையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு பற்றிக் கவலை வேண்டாம்.

தொடங்கும் முன் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கடிபடுவதற்கு முன்பே போடும் ஊசி இருக்கிறது. முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள். பூனைக் கடியாலும் கீறலாலும் ரேபிஸ் வரும். கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்கூட்டிப் போட்டிருந்தாலும் கடிக்குப் பின் போட வேண்டிய ஊசிகள் உண்டு.

மாமியார் சொன்னது

அவரை மூடநம்பிக்கைக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய அச்சத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதை மறுக்காதீர்கள். பூனை முடி வயிற்றுக்குள் போய்க் கருவைக் கெடுக்கும் என்பது தவறு. ஆனால் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளிவரும். கர்ப்ப காலத்தில் முதன்முறையாக அது தொற்றினால் குழந்தையைப் பாதிக்கக்கூடும். பூனை பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு முறை, ஓரிரு வாரம் மட்டுமே அதை வெளியேற்றுகிறது. வெளியேறியது நோய் பரப்பும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். ஆகவே தட்டை நாள்தோறும் சுத்தம் செய்தால் ஆபத்து மிகவும் குறைந்துவிடும். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, தோட்டத்து மண் இவற்றின் வழியாகவும் இதே தொற்று வரும். எலி பிடித்துத் தின்னும் தோட்டத்துப் பூனைக்கு இந்தத் தொற்று வர வாய்ப்பு அதிகம், வீட்டுக்குள்ளேயே சமைத்த உணவோ கடை உணவோ தின்னும் பூனைக்குக் குறைவு.

கருத்தரிக்கும் முன்பே மகப்பேறு மருத்துவரிடம் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லி, இந்தத் தொற்றுக்கான இரத்தப் பரிசோதனை உங்களுக்குத் தேவையா என்று கேளுங்கள். போகும்போது மாமியாரையும் அழைத்துப் போங்கள். மருத்துவர் வாயால் கேட்டால் அவருக்கும் தெளிவு கிடைக்கும். மணல் தட்டைச் சுத்தம் செய்யும் வேலையை இந்த மாதத்திலிருந்தே கணவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் லாரியோடு வெளியூர் போகும் நாட்களில் கையுறை போட்டு நீங்களே செய்யலாம், செய்து முடித்ததும் சோப்பால் கை கழுவினால் போதும்.